அறுபதாம் இடத்தில் நின்ற பாட்டு ஆறே மாதத்தில் முதலிடம் போனது எப்படி?

கேள்வி இதுதான்: இங்கிலாந்தின் கார்னர்ஷாப் என்ற ராக் குழு 1997 ஆகஸ்டில் வெளியிட்ட ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’ என்ற சிங்கிள் (தனிப்பாட்டு இசைத்தட்டு), பிரிட்டிஷ் தரவரிசையில் 60-ம் இடத்தைத் தாண்டவில்லை. அதே பாட்டின் ரீமிக்ஸ் 1998 பிப்ரவரியில் வந்த வாரமே முதலிடத்தைப் பிடித்தது. குரல் அதுவே, வரிகள் அதுவே. அப்படியானால் அந்த வெற்றி யாருடையது? பாட்டை எழுதியவருடையதா, ரீமிக்ஸ் செய்த நார்மன் குக்குடையதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக்குள் ஏற்கெனவே ஓர் ஆட்டம் ஒளிந்திருந்தது. குக் அதைக் கண்டுபிடித்து வெளியே இழுத்தார். இல்லாத ஒன்றை அவர் கொண்டுவந்து ஒட்டவில்லை. ஆனால் அவர் கை படாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டு ரசிகர் வட்டத்துக்குள்ளேயே நின்றிருக்கும் என்பதும் உண்மை. மூலம்தான் உயர்ந்தது, ரீமிக்ஸ் வெறும் வியாபாரம் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ரீமிக்ஸ்தான் பாட்டையே காப்பாற்றியது என்பவர்களோடும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ஒரு விளக்கம். நம் தமிழ் சினிமாவில் ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டைப் புதுப் பாடகர்களை வைத்து, புது வாத்தியங்களோடு மறுபடி பதிவு செய்வதுதான் பெரும்பாலும். ‘படகோட்டி’யின் ‘தொட்டால் பூ மலரும்’ பாட்டின் வரிகளை 2004-ல் ‘நியூ’ படத்துக்காக ஏ.ஆர்.ரஹ்மான் எடுத்துக்கொண்டது அந்த வகை. இங்கே பேசுவது வேறு. கார்னர்ஷாப் ஸ்டுடியோவில் பதிந்த அதே குரலும் அதே கிட்டாரும்தான் ரீமிக்ஸிலும் ஒலிக்கின்றன. ரீமிக்ஸ் செய்பவர் அவற்றைத் தனித்தனித் தடங்களாக வாங்கிக்கொண்டு, எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்த வேகத்தில் ஓட்டுவது, அடியில் எந்த டிரம்ஸைப் போடுவது என்று முடிவு செய்கிறார். பாடியவர் மறுபடி மைக் முன்னால் நிற்கவே வேண்டியதில்லை.

இனி குழுவைப் பற்றி. கார்னர்ஷாப் 1991-ல் உருவானது. பாட்டு எழுதிப் பாடுபவர் தஜிந்தர் சிங். தொடக்கத்திலிருந்து கூடவே இருப்பவர் பென் அயர்ஸ். தஜிந்தரின் ஊர் வுல்வர்ஹாம்ப்டன். அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் பிரிட்டிஷ் ஆசியர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். குடியேறிகளை நாட்டுக்குள் விட்டால் ரத்த ஆறு ஓடும் என்ற பொருளில் 1968-ல் பேசிய ஈனக் பவல் அந்த ஊரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி. அதே காலத்தில் அந்த ஊர் பேருந்துகளில் வேலை பார்த்த சீக்கியர்கள், தலைப்பாகையோடு பணிக்கு வரும் உரிமைக்காகப் போராடி 1969-ல் வென்றார்கள். இந்தச் சூழலில் வளர்ந்த ஒருவர் தன் குழுவுக்குத் தெருமுனைக் கடை என்று பெயர் வைக்கிறார். இங்கிலாந்தில் தெருமுனைப் பெட்டிக்கடை என்றாலே கல்லாவில் ஓர் இந்தியரோ பாகிஸ்தானியரோ உட்கார்ந்திருப்பார் என்ற கேலி வழக்கில் இருந்தது. அந்தக் கேலியையே எடுத்துத் தங்கள் பெயர்ப்பலகையில் மாட்டிக்கொண்டார்கள்.

தொடக்கத்தில் அவர்களுடைய இசை கரடுமுரடானது. கிட்டார் இரைச்சலும் சித்தாரும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 1992-ல் பாடகர் மோரிசி மேடையில் பிரிட்டிஷ் கொடியைப் போர்த்திக்கொண்டு, பின்னால் ஸ்கின்ஹெட் (தலையை மழித்த இளைஞர் கூட்டம்) படத்தோடு பாடியது பெரிய சர்ச்சையானது. இனவாதிகளின் அடையாளங்களோடு அவர் விளையாடுகிறார் என்று கோபப்பட்ட கார்னர்ஷாப், லண்டனில் மோரிசியின் பாட்டுகளை வெளியிட்ட இஎம்ஐ நிறுவன அலுவலகத்துக்கு வெளியே நின்று அவருடைய போஸ்டரைக் கொளுத்தியது. அவர்களுடைய பதிவுகளை வெளியிட்டது வீஜா என்ற சிறிய கம்பெனி. லண்டனில் ரஃப் டிரேட் ரெக்கார்டு கடையிலிருந்து முளைத்த கம்பெனி அது. கடையின் அஞ்சல் குறியீட்டு எழுத்துகளையும் எண்களையும் சேர்த்துப் படித்ததுதான் அந்தப் பெயர். தரவரிசையில் முதலிடம் பிடிக்கும் கனவோடு ஆரம்பித்த கூட்டம் இல்லை என்பது இதிலிருந்தே புரியும்.

1995-க்குள் அவர்களுடைய இசை மாறிவிட்டது. இரைச்சல் குறைந்து, ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் சுற்றும் பாட்டுகள் வந்தன. அமெரிக்காவில் ராக் பாடகர் டேவிட் பைர்னின் லுவாக்கா பாப் இசை நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1997 செப்டம்பரில் வந்த ‘வென் ஐ வாஸ் பார்ன் ஃபார் த செவன்த் டைம்’ ஆல்பத்தில் என்னென்னவோ இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க்கின் குரல் இருக்கிறது. பீட்டில்ஸின் ‘நார்வீஜியன் வுட்’ முழுக்கப் பஞ்சாபியில் இருக்கிறது. 1965-ல் ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரை மேற்கத்திய ராக் இசைக்குள் கொண்டுவந்த பாட்டு அது. அதைச் சித்தாரின் ஊர்க்காரர்கள் தங்கள் மொழியில் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டுதான் நம் பாட்டு.

பாட்டின் பொருள் ஆஷா போஸ்லே. இன்னும் சரியாகச் சொன்னால், ஆஷா போன்ற பின்னணிப் பாடகிகள். திரையில் நாயகி ஆடுகிறாள். பாடுபவள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள். ஆனால் கூட்டத்தின் கனவை உயிரோடு வைத்திருப்பது அவள்தான் என்கிறது பாட்டு. அரசாங்கம் எளிய வாழ்க்கை வாழச் சொல்கிறது, அணை கட்டுகிறது. அதெல்லாம் எங்களுக்கு எதற்கு, எங்களுக்குத் தலைசாய்க்க ஒரு மார்பு வேண்டும், எனக்கு அது 45-ல் கிடைக்கிறது என்று பல்லவி போகிறது. 45 என்பது நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் ஏழு அங்குல இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு.

பாட்டின் பிற்பகுதியில் ஒரு பட்டியல் வருகிறது. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான். முகமது ரஃபி, 45. லதா மங்கேஷ்கர், 45. சாலிட் ஸ்டேட் ரேடியோ, ஃபெர்குசன் மோனோ, ஆல் இந்தியா ரேடியோ, டூ இன் ஒன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் 45 என்று ஒரு குரல் பதில் சொல்கிறது. நடுவே பிரெஞ்சுப் பாடகர் ஜாக் டுட்ராங்க், ஆங்கில ராக் பாடகர் மார்க் போலன், ஜமைக்கா இசையை இங்கிலாந்தில் பரப்பிய டிரோஜன் ரெக்கார்ட்ஸ் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அறுபது, எழுபதுகளில் இங்கிலாந்துக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கூடத்தில் எந்தெந்த ஒலிகள் ஒன்றாக ஒலித்தனவோ அவற்றின் கணக்கெடுப்பு அது. ரஃபியையும் போலனையும் ஒரே மூச்சில் சொல்ல அந்தத் தலைமுறைப் பிள்ளைகளால்தான் முடியும். யாருக்கும் விளக்கம் கொடுக்காமல், நீங்கள் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளுங்கள் என்ற தோரணையில் தஜிந்தர் அதைப் பாடுகிறார்.

ஆல் இந்தியா ரேடியோவை அந்தப் பட்டியலில் பார்க்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றும். 1952-ல் பி.வி.கேஸ்கர் ஒலிபரப்பு அமைச்சரானதும் சினிமாப் பாட்டுக்கு அந்த வானொலியில் இடம் இல்லாமல் போனது. மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த இந்திப் பாட்டு வரிசை நிகழ்ச்சிக்கு நாடு முழுக்கக் காது காத்திருந்தது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கித்தான் அரசு அந்தக் கூட்டத்தைத் திரும்ப அழைத்தது. அரசு சொல்வதை விடப் பாடகியின் குரல்தான் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பாட்டு சொல்லும்போது, அதற்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறும் நிற்கிறது.

ஆஷா நமக்கும் அந்நியர் இல்லை. ‘செண்பகமே செண்பகமே’ பாட்டை இளையராஜா இசையில் பாடியவர், ‘மீரா’வில் ‘ஓ பட்டர்ஃப்ளை’ பாடியவர். கார்னர்ஷாப் இந்தப் பாட்டை வெளியிட்ட அதே 1997-ல்தான் ‘இருவர்’ படத்தின் ‘வெண்ணிலா வெண்ணிலா’வையும் ‘நேருக்கு நேர்’ படத்தின் ‘எங்கெங்கே’யையும் தமிழ்நாடு கேட்டுக்கொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய வயதில் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், தஜிந்தர் ஏன் ஒரு பாட்டு முழுக்க அவருக்கே கொடுத்தார் என்பது புரிந்துவிடும்.

இப்போது மூலப் பதிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டு மூன்று கோர்டுகளுக்குள் (சுரக்கூட்டுகளுக்குள்) சுற்றிச் சுற்றி வரும் ஒரு கிட்டார். அவசரமே இல்லாத டிரம்ஸ். தஜிந்தரின் குரல் சோம்பலாக, சொற்களைக் கொஞ்சம் இழுத்து, மாலை நேரத்தில் யாரிடமோ பேசுவதுபோல் வருகிறது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் அந்த நடை மாறுவதே இல்லை. உச்சத்துக்கு ஏறுவது, சட்டென்று நின்று மறுபடி வெடிப்பது எதுவும் கிடையாது. இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்ற உணர்வு. என் வரையில் அந்த நடைதான் பாட்டின் உயிர். நினைவுகளை அசைபோடுபவர் ஓட மாட்டார்.

ஆனால் பகல்நேர வானொலியில் அது எடுபடவில்லை. இப்படி எழுதுவதால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பிபிசி ரேடியோ 1-ல் இரவு நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல் ஆண்டுதோறும் நேயர் வாக்கில் தொகுத்துவந்த பாட்டு வரிசையில் 1997-க்கான முதலிடம் இந்த மூலப் பாட்டுக்குத்தான். அமெரிக்காவின் ‘ஸ்பின்’ பத்திரிகை அந்த ஆல்பத்தை ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. அதாவது காது கொடுத்துக் கேட்டவர்கள் அத்தனை பேரும் கைதட்டிவிட்டார்கள். கேட்டவர்கள் எண்ணிக்கைதான் போதவில்லை. இரவு நிகழ்ச்சிகளின் நேயர்கள் மட்டும் வாங்கினால் 60-ம் இடம்தான் வரும்.

இங்கேதான் நார்மன் குக் வருகிறார். ஃபேட்பாய் ஸ்லிம் என்றால் பலருக்குத் தெரியும். அவரை வெறும் டிஜே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் ராக் குழுவிலிருந்து வந்தவர். எண்பதுகளில் ஹவுஸ்மார்ட்டின்ஸ் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தார். 1986-ல் அந்தக் குழு முதலிடம் பார்த்தது. பிறகு பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் 1990-ல் இன்னொரு முதலிடம். அந்தப் பாட்டின் பாஸ் வரியே கிளாஷ் குழுவின் ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். கிட்டார் பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பதும் தெரியும், ஆடுகிற கூட்டம் எந்த இடத்தில் கையைத் தூக்கும் என்பதும் தெரியும். 1997 வாக்கில் பிரைட்டன் நகரில் ஸ்கின்ட் ரெக்கார்ட்ஸைச் சுற்றி வளர்ந்துகொண்டிருந்த பிக் பீட் என்ற பாணிக்கு அவர்தான் முகம். ஹிப்-ஹாப்பின் கனமான டிரம்ஸ், ராக்கின் கிட்டார், ஹவுஸ் என்ற நடன இசையின் ஏற்ற இறக்கம் மூன்றும் கலந்த பாணி அது.

அவர் கையில் இருந்த கருவிகள் எளிமையானவை. அட்டாரி எஸ்டி கணினியும், பதிந்த ஒலியைத் துண்டாக எடுத்து மறுபடி ஒலிக்கவைக்கும் அகாய் சாம்ப்ளரும். இந்தச் சாம்ப்ளரின் இயல்பு ஒன்றைப் புரிந்துகொண்டால் ரீமிக்ஸ் பாதி புரிந்துவிடும். பதிந்த ஒலியை வேகமாக ஓட்டினால் அதன் சுருதியும் கூடவே ஏறும். 12 சதவீதம் வேகம் கூட்டினால் சுருதி இரண்டு அரைச்சுரம் ஏறும். நம் பாடகர்கள் கணக்கில் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குப் போன மாதிரி. சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதி அப்போதும் உண்டு. ஆனால் குரல் கரகரத்து, துண்டு துண்டாக வெட்டியதுபோல் ஆகிவிடும்.

ரீமிக்ஸில் வேகமும் ஏறியிருக்கிறது, சுருதியும் ஏறியிருக்கிறது. இதனால் நடந்ததைப் பாருங்கள். தஜிந்தரின் அந்தச் சோம்பல் குரல் சற்று இளையதாக, வெளிச்சமாக மாறிவிட்டது. மூலத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பழைய நாளைப் பேசுவதாகத் தோன்றிய அதே வரிகள், ரீமிக்ஸில் இருபது வயதுப் பையன் தெருவில் உற்சாகமாகக் கத்திக்கொண்டு போவதாகக் கேட்கின்றன. கிட்டாரும் அப்படியே. சாய்ந்து உட்கார்ந்திருந்த கிட்டார் எழுந்து துள்ளத் தொடங்குகிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் பாட்டின் வயதையே மாற்றிவிட்டார் குக்.

அடுத்தது டிரம்ஸ். மூலத்தின் மெல்லிய தாளத்துக்குப் பதில் முன்னால் வந்து மோதும் பிரேக்பீட், அதாவது சுற்றிச் சுற்றி ஓடும் டிரம்ஸ் துண்டு. அதைவிட முக்கியம், மூலத்தில் இல்லாத ஏற்ற இறக்கங்களை அவர் உண்டாக்கியது. தாளத்தை நிறுத்துவார், குரல் மட்டும் தனியாக நிற்கும், ஒரு துண்டையே திரும்பத் திரும்பத் தட்டிப் பதற்றத்தைக் கூட்டுவார், தாங்க முடியாத நேரத்தில் மொத்த டிரம்ஸையும் கொட்டுவார். ஒரே சமதளமாக இருந்த பாட்டுக்கு மேடும் பள்ளமும் கிடைத்துவிட்டது. நடனக்கூடத்தில் நிற்கிறவருக்கு இதுதான் வேண்டும்.

அந்தப் பட்டியலை அவர் வெட்டவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேறு ஒருவராக இருந்தால் பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் புரியாத பெயர்களைத் தூக்கி எறிந்திருப்பார். குக் அவற்றை வைத்துக்கொண்டார். ரஃபி, 45, லதா, 45, ஆல் இந்தியா ரேடியோ, 45 என்று பெயருக்குப் பெயர் பதில் வரும் அந்த அமைப்பு, வேகம் கூடியதும் கூட்டத்தின் கோஷமாகிவிட்டது. புரியவேண்டிய அவசியம் போய், கூடவே கத்தவேண்டிய ஆசை வந்துவிட்டது. ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பெயர்களை ஊரே நின்று சொல்லியது. இது குக்கின் நல்ல காது. ஆனால் கேள்வியும் பதிலுமாக அந்தப் பட்டியலை அமைத்தது தஜிந்தர் என்பதை மறந்துவிடக் கூடாது. கோஷத்துக்கான விதை அவர் போட்டது.

1998 தொடக்கத்தில் வானொலி இதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் தரவரிசை, கடைகளில் விற்கும் சிங்கிள்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். பாட்டு வாரக்கணக்கில் வானொலியில் ஓடும், கடைக்கு வந்திருக்காது. வரும் வாரத்தில் காத்திருந்த எல்லாரும் ஒரேயடியாக வாங்குவார்கள். வீஜா அதை மறுபடி வெளியிட்ட வாரத்தில் அதுதான் நடந்தது. பிப்ரவரி கடைசி வாரத்தில் செலின் டியானின் ‘டைட்டானிக்’ பாட்டைக் கீழே தள்ளிவிட்டு கார்னர்ஷாப் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த வாரம் மடோனா ‘ஃப்ரோசன்’ பாட்டோடு வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். ஒரே வாரம்தான். ஆனால் ஒரு பக்கம் செலின் டியான், மறு பக்கம் மடோனா. நடுவில், தன்னைத் தெருமுனைக் கடை என்று அழைத்துக்கொண்ட ஒரு குழு, லதாவையும் ரஃபியையும் பெயர் சொல்லிப் பாடி நின்றது. அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பிரிட்டிஷ் ஆசியர் ஒருவர் முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு ஓராண்டு முன், 1997 ஜனவரியில், ஒயிட் டவுன் என்ற பெயரில் பாட்டு வெளியிட்ட ஜோதி மிஷ்ரா முதலிடத்தில் இருந்தார். அவர் பிறந்தது ஒடிசாவின் ரூர்கேலாவில். ஆனால் அவருடைய பாட்டு இந்தியாவைப் பற்றியது இல்லை. இந்திய சினிமாப் பாட்டின் மேல் உள்ள காதலையே பாடுபொருளாக வைத்து அந்த உயரம் போனது கார்னர்ஷாப்தான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இது தனியாக நடந்த அதிசயம் இல்லை. காலம் அப்படி இருந்தது. அடுத்த மாதமே, அமெரிக்க ஹிப்-ஹாப் குழு ரன்-டிஎம்சி 1983-ல் வெளியிட்ட ஒரு பாட்டை ஜேசன் நெவின்ஸ் ரீமிக்ஸ் செய்து ஆறு வாரம் முதலிடத்தில் வைத்திருந்தார். அதற்கு முன் எவ்ரிதிங் பட் த கேர்ல் இருவர் குழுவின் ‘மிஸ்ஸிங்’ 1994-ல் 69-ம் இடத்தில் அடங்கிப்போனது. டாட் டெர்ரியின் ரீமிக்ஸ் மறு ஆண்டே பிரிட்டனில் 3-ம் இடம், பிறகு அமெரிக்காவில் 2-ம் இடம் வரை போனது. அந்த ரீமிக்ஸில் டிரேசி தார்னின் சோகக் குரல் அப்படியே இருக்கிறது. அடியில் ஹவுஸ் தாளம் ஓடுகிறது. சோகமும் ஆட்டமும் ஒன்றாகப் போகும் என்று அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

இவற்றுக்கு நேர் எதிர்முனையில் பிரைமல் ஸ்க்ரீம் இருக்கிறது. அவர்களுடைய 1989-ம் ஆண்டு ஆல்பத்தில் இருந்த ஒரு சோகப் பாட்டை ஆண்ட்ரூ வெதரால் கையில் கொடுத்தார்கள். முதலில் பயந்து பயந்து மரியாதையாக ஏதோ செய்தார். அடித்து நொறுக்கு என்று குழுவின் கிட்டாரிஸ்டே சொன்ன பிறகு, பாடகரின் குரலைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துவிட்டு, வாத்தியப் பகுதியை வைத்துப் புதிதாகக் கட்டினார். 1990-ல் வந்த ‘லோடட்’ அதுதான். 16-ம் இடம் வரை போய், அந்தக் குழுவின் பாதையையே மாற்றியது. அதைக் கேட்டால் மூலப் பாட்டு நினைவுக்கே வராது. வெதரால் அங்கே இன்னொரு பாட்டின் ஆசிரியர் என்று சொன்னாலும் தகும்.

குக் செய்தது வெதரால் செய்த வேலை இல்லை. பாட்டின் எலும்பு, சதை எல்லாம் தஜிந்தருடையது. மெட்டு அவருடையது, சொல் அவருடையது, கிட்டார் வரி அவருடையது. உரிமை விஷயத்திலும் வழக்கம் அப்படித்தான்: ரீமிக்ஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவார்கள், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்கு எழுதியவரிடமே இருக்கும். ஆனால் படைப்பு என்று பார்த்தால் தொகையோடு முடிந்துவிடும் வேலையாக நான் இதைக் கருதவில்லை. ஒரு பாட்டைக் கேட்டு, இது இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் ஊரே ஆடும் என்று உணர்வது பெரிய திறமை. அந்த உணர்வு கார்னர்ஷாப்புக்கு வரவில்லை. வந்திருந்தால் அந்த மூலப் பதிவு அவ்வளவு அழகாக அமைந்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

குழுவுக்கு இதனால் நன்மையும் உண்டு, நஷ்டமும் உண்டு. அந்த ஆண்டு, சிறந்த பிரிட்டிஷ் ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் ஆல்பம் இடம்பிடித்தது. அடுத்து வந்த ‘ஸ்லீப் ஆன் த லெஃப்ட் சைட்’ 23-ம் இடம் வரை போனது. மூலப் பாட்டின் நடையில் இருக்கும் அருமையான பாட்டு அது. ஆனால் பொதுமக்கள் மனதில் கார்னர்ஷாப் என்றால் அந்த வேகமான நான்கு நிமிடம் என்று பதிந்துவிட்டது. ரீமிக்ஸைக் கேட்டு ஆல்பத்தை வாங்கியவர்கள், தாங்கள் ஆடிய பாட்டு அதில் இல்லாமல் மெதுவான ஒன்று இருப்பதைப் பார்த்து விழித்திருப்பார்கள். இன்றும் ‘ஒரே பாட்டில் புகழ்பெற்றவர்கள்’ பட்டியல்களில் அவர்கள் பெயரைப் போடுகிறார்கள். இது பெரிய அநியாயம். இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நல்ல ஆல்பம் கொடுத்த குழு அது.

அவர்கள் அந்த வெற்றியைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அதே வேகத்தில் இன்னும் நான்கு பாட்டு போட்டிருந்தால் பணம் வந்திருக்கும். தஜிந்தரும் பென்னும் கிளின்டன் என்ற வேறு பெயரில் டிஸ்கோ சார்ந்த ஓர் ஆல்பம் செய்துவிட்டு, 2002-ல்தான் கார்னர்ஷாப்பாகத் திரும்ப வந்தார்கள். பிறகு ஆம்பிள் பிளே என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். 2011-ல் பப்ளி கவுர் என்ற பாடகியை முன்னிறுத்தி முழுக்கப் பஞ்சாபியில் ஓர் ஆல்பம். நாட்டுப்புற மெட்டில் அவர் பாட, அடியில் ஃபங்க் தாளம் ஓடும். 2020-ல் ‘இங்கிலாந்து இஸ் எ கார்டன்’ வந்தது. விமர்சகர்கள் நன்றாகவே வரவேற்றார்கள்.

கேட்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் மூலத்தை முழுதாகக் கேளுங்கள், இரவில், நல்ல ஹெட்போனில். பட்டியல் வரும் இடத்தில் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். அடுத்து ரீமிக்ஸைப் பெரிய ஸ்பீக்கரில் போடுங்கள். குரலின் சுருதி ஏறியிருப்பதும், தாளம் நின்று மறுபடி விழும் இடங்களும் உடனே காதில் படும். பிறகு 1995 ஆல்பத்திலிருந்து ‘6 ஏ.எம். ஜலந்தர் ஷேர்’. ஒரே தாளத்தில் பஞ்சாபி வரிகள் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால், இந்தக் குழுவின் இயல்பான வேகம் எது என்பது தெரிந்துவிடும்.